ஆசாரத்துக் கேடயம்

அன்புள்ள அம்மிணிக்கு,

மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது. செவலை கிடாரி போட்டிருக்கிறது. சீம்பாலில் உன் பங்கை எடுத்து வைத்திருந்து, திரிந்து போனதும் உன் அம்மா கொட்டினாள். நீ பேசி இருபது நாளாயிற்று. வேலையிருக்கும், எனக்குத் தெரியாததா.

தாளவாடிப் பள்ளிக்குத் தலைமையாசிரியராய் உனக்குப் பதவி உயர்வு வந்ததைப் பற்றி மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. தாளவாடி என்று எடுத்ததுமே பேச்சை மாற்றிக்கொண்டார். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, ராத்திரியில் பாதையை அடைத்துவிடுவார்கள், பையன் வேறு பிளஸ் டூ. பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

சம்பளத்துக்காக யாரும் அந்த நாற்காலிக்குப் போவதில்லை, சாமி. எமிஸ் இணையத்தில் பிள்ளைகள் விவரப் பதிவு, கழிப்பறைத் தண்ணீர், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாம் தலைமையாசிரியர் தலையில்தான் விழும். ஆனால் 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் உங்கள் பள்ளிக்கு வந்த வாரம் நீ ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாய். "அப்பா, காலைல வயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருக்குமே அந்தப் புள்ள, இன்னைக்கு எந்திரிச்சுப் பாட்டுப் பாடுச்சு." உப்புமாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினாய். அந்த ஆள் எங்கே போனாள்? மலைப் பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம்தான். "ஊட்டா ஆய்த்தா" என்று கேட்டால் ஒட்டிக்கொள்ளும். போனால் மனசோடு போ. போகாவிட்டாலும் போன் எடு.

நான் தலைமையாசிரியராய் இருந்தபோது எனக்கு அந்த மனசு இருக்கவில்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டுமென்று, ஒன்பதாவது முடித்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்தேன். அவன் அம்மா விசைத்தறியிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடி வந்தாள். "இன்னொரு வருசம் மட்டுமுங்க, வாத்தியாரய்யா" என்றாள். நான் ரிஜிஸ்டரை விட்டுத் தலை நிமிரவில்லை. பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன், என் பேருக்காகத்தான். நூறு சதவீதம் வந்தது, விழாவில் எனக்கென்று கேடயமும் வந்தது. ஆயுத பூசைக்கெல்லாம் அதைத் துடைத்து நீதான் சந்தனப் பொட்டு வைப்பாய். வேண்டாம் கண்ணு என்று தடுக்க ஒரு வருசமும் எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் அதை ஆசாரத்துக் கூடத்திலிருந்து எடுத்து அட்டாலிப் பரணில் போட்டுவிட்டேன். வந்தால் தேடுவாயே என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன். தேங்காயும் கருப்பட்டியும் இருக்கிறது, வாங்கிக்கொள்.

அப்பன்