ஆபரேஷன் முடிந்தாலும் ரத்தக்கட்டு ஆபத்து முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்துச் செய்திகள் உங்கள் நாளிதழில் தினமும் வருகின்றன. கால் முறிந்தவர் பிளேட், ராடு வைத்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகலாம் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாகவே செய்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் கால்சியம் மாத்திரை முதல் தையல் பிரிக்கும் தேதி வரை எல்லாம் இருக்க, ரத்தம் உறைவதைப் பற்றி ஒரு வரி இல்லை. ரத்தம் உறையாமலிருக்க தினமும் வயிற்றில் ஊசி போட்டீர்களே, அது வீட்டில் வேண்டாமா என்று கேட்டால், "அது இங்க இருக்கிறவரைக்கும்தான்" என்று பதில் வந்தது.

எலும்பு முறிந்து நடமாட்டம் இல்லாமல் கிடக்கும்போது காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் தேங்கி உறையலாம், அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால் திடீரென மூச்சு முட்டி உயிரே போகலாம். வீட்டுக்கு வந்த பிறகும் இந்த ஆபத்து பல வாரம் இருக்கிறது. அதனால்தான் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு 35 நாள் வரைகூடத் தடுப்பு மருந்தை நீட்டிக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

ஊசிக்குச் செலவாகுமே என்று நிறுத்துகிறார்களோ என்னவோ. அமெரிக்காவிலும் கனடாவிலும் 21 மையங்களில், எலும்பு முறிந்த 12,211 பேரிடம் நடந்த ஆய்வு 2023 ஜனவரியில் வெளிவந்தது. பாதிப் பேருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் இனாக்ஸபாரின் ஊசி, மீதிப் பேருக்கு 81 மில்லிகிராம் ஆஸ்பிரின், இரண்டுமே தினம் இரண்டு வேளை. 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஊசியில் 0.73 சதவீதம், ஆஸ்பிரினில் 0.78. நுரையீரல் அடைப்பு இரண்டிலும் 1.49. காலில் ரத்தக்கட்டு மட்டும் ஆஸ்பிரினில் கொஞ்சம் அதிகம், 2.51 சதவீதம், ஊசியில் 1.71. சரி, மலிவான வழியும் இருக்கிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 45-ஐ ஒட்டித்தான், எங்கள் அம்மா வயதுக்காரர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. வயிற்றுப்புண் உள்ளவர்கள், தலையிலும் அடிபட்டவர்கள் இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், செய்ததை எழுதியும் தர வேண்டும்.

இன்னொன்று, நம் வீடுகளில் கால் வீங்கினால் "நீர் கோத்திருக்கு" என்று தைலம் தேய்த்து அழுத்தி உருவிவிடுகிற பழக்கம். அடிபட்ட காலில் லேசான வீக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கெண்டைக்கால் புதிதாக வீங்கி, சூடாகி, வலித்தால் அங்கே ரத்தக்கட்டு இருக்கலாம், உருவினால் அதுவே நகர்ந்துவிடக்கூடும். தைலத்தை வைத்துவிட்டு ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கப் போக வேண்டும். மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ வந்தால் யோசிக்காமல் 108.

சுகாதாரத்துறைக்கு என் கோரிக்கை சிறியது. எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க என்ன மருந்து, எத்தனை நாள், எப்போது எழுந்து நடக்கலாம், எந்த அறிகுறி வந்தால் ஓடிவர வேண்டும் என்று தமிழில் அச்சடித்த அரைப்பக்கத் தாள் கொடுக்கச் சொல்லுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்