பியர்ஸ் தெரு நூலகத்தில் உதவிய பெரியவருக்கு

என் கணவர் டப்ளின்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எங்களிடம் இருந்தது ஒரு பிறப்புச் சான்றிதழும் அதிலிருந்த முகவரியும்தான்: கிரேட் பிரிட்டன் தெரு. இன்றைய வரைபடத்தில் அப்படியொரு தெருவே இல்லை. இரண்டு வருடம் தேடிக் களைத்துப்போய்த்தான் அன்று வாசிப்பறைக்கு வந்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த நீங்கள்தான், அது 1911இல் பார்னெல் தெரு ஆகிவிட்டது என்றீர்கள். நாம் உட்கார்ந்திருந்த பியர்ஸ் தெருவே முன்பு கிரேட் பிரன்ஸ்விக் தெருவாம்! பிறகு, தெருவாரியாக வீடுகளையும் அவற்றில் இருப்பவர்களையும் பட்டியலிடும் பழைய தாம்ஸ் டைரக்டரியைப் புரட்டினீர்கள். அந்த வீட்டு எண்ணுக்கு எதிரே 'டெனமென்ட்ஸ்' என்ற ஒரே சொல். ஒண்டுக்குடித்தனக்காரர்களின் பெயரை அதில் அச்சிட மாட்டார்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

"குடும்பப் பெயரை விடுங்கள், தெருவைப் பிடித்துத் தேடுங்கள்" என்றீர்கள். 1911 ஏப்ரலில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெருவுக்கு இன்னும் பழைய பெயர்தான். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனோம். குடும்பப் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தது. அதனால்தான் இத்தனை நாளும் சிக்கவில்லை. ஒரே அறையில் ஏழு பேர். அதில் மூன்று வயதுக் குழந்தையாக அவர். படிவத்தின் அடியில் அவருடைய அப்பாவின் கையெழுத்து.

அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள், பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தை அச்செடுத்து மாமியாரிடம் கொடுத்தேன். தாத்தாவின் அப்பா எழுதியதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அவர் சார்பிலும் மிக்க நன்றி, ஐயா.