உதவிப் பேராசிரியர், முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) பணிக்கு விண்ணப்பிக்கும் உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகப் பணி அறிவிப்பு வந்ததும், கடைசித் தேதியைப் பார்க்கும் முன்பே சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் தகுதி இருந்தும் இங்கேதான் வாய்ப்பை இழக்கிறார்கள். அது எனக்குத் தாங்கவில்லை.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) இடஒதுக்கீடு கேட்பவர்களுக்கு, நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவினர்) அல்லாதவர் என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். தேதியையும் கவனியுங்கள், பழையதை ஏற்க மாட்டார்கள். இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கோப்பு நகர்ந்து வட்டாட்சியரிடம் போய்ச் சேர நாளாகும்.

உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு முதுகலையில் 55 சதவீதமும் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியும் அடிப்படைத் தகுதி. 2023 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயமில்லை. ஆனாலும் நேர்காணலுக்கான பட்டியலில் அதற்கு மதிப்பெண் உண்டு.

முதுமுனைவர் பணி பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். ஆனால் நல்ல ஆய்வகம் அமைந்தால் அடுத்த கதவு திறக்கும். வழிகாட்டிக்கு முதலில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். கடல் அறிவியல் படித்தவர்கள் இராஜாக்கமங்கலத்தில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக மையத்தின் அறிவிப்புகளையும் பார்த்து வாருங்கள்.

இணையத்தில் பதிவு செய்த பிறகு அச்சுப்படியும் கேட்டிருந்தால், நாகர்கோவில் வடசேரியிலிருந்து கடைசி நாளில் அஞ்சலில் அனுப்பிப் பயனில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் தேதிதான் கணக்கு.

படிவத்தில் சந்தேகம் இருந்தால் குழுவிலேயே கேளுங்கள்.