ஆறு வாரத்துக்குக் கொடுத்த தாள்

அன்புள்ள தம்பிக்கு,

திருப்பாதிரிப்புலியூர் கல்யாணத்தில் உனக்கு எதிர்ப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தேன். கூட்டு வந்தபோது இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாய். சாம்பாருக்கும் அப்படியே. பாயசத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினாய். கடைசியில் உன் இலையில் இருந்தது வெறும் சோறும் நாலு துண்டு உருளைக்கிழங்கும்தான். கை கழுவப் போகிற வழியில் பெரியப்பா உன் தோளைத் தட்டி, "என்னடா, சுகரா?" என்று கேட்டார். நீ சிரித்து மழுப்பினாய். பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டையை நானும் பார்த்தேன்.

வாட்ஸ்ஆப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். போன் செய்தால் "சரிக்கா, சரிக்கா" என்பாய். அதனால்தான் எல்லாரும் படிக்கிற இந்த இடத்தில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

என் கதையை நீ முழுசாகக் கேட்டதில்லை. நாலு வருடத்துக்கு முன்பு எனக்கும் உன்னைப் போலவே வயிற்றுத் தொல்லைதான். சாப்பிட்டதும் வயிறு ஊதிக்கொள்ளும், உடனே ஓட வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரி 20 சொச்சம் கிலோமீட்டர். அந்த பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்து வருவதற்காக முதல்நாள் ராத்திரியே சாப்பாட்டை விட்டுவிடுவேன். டாக்டர் ஐ.பி.எஸ்., அதாவது குடல் எரிச்சல் கோளாறு என்று சொல்லி ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு, கொண்டைக்கடலை, காளான், காலிஃபிளவர், மாம்பழம், ஆப்பிள், தேன், முந்திரி, எதுவும் கூடாது. முந்திரிக்குப் பேர்போன பண்ருட்டியில் வாக்கப்பட்டவளிடம் முந்திரி கூடாது என்றால் எப்படி இருக்கும்!

ஆனால் தாள் வேலை செய்தது. மூன்றே வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது. அடங்கினதை எதற்குக் கிளறுவானேன் என்று ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு 54 கிலோ இருந்தவள் 44 கிலோவுக்கு வந்தேன். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ. கணக்கில் அது 18.3. 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்பார்கள். வளையல் முழங்கை வரை ஏறியது, சீப்பில் கொத்தாக முடி வந்தது, ஊரில் எல்லாரும் "ஸ்லிம் ஆயிட்டீங்களே" என்று பாராட்டினார்கள்.

அந்தத் தாளின் பூர்வீகம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை அது. ஃபாட்மேப்பைக் குறைக்கிற பத்தியம் என்று பெயர். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாவால் புளித்து, வாயுவையும் தண்ணீரையும் சேர்க்கிற சில வகை மாவுச்சத்து, சர்க்கரைகளைத்தான் ஃபாட்மேப் என்கிறார்கள். எல்லாவற்றையும் நிறுத்துவது முதல் கட்டம். அது 2 முதல் 6 வாரம் மட்டும்தான். அடுத்து ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் ஒத்துக்கொள்ளாததை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சாப்பிட வேண்டும். எனக்குக் கொடுத்த தாளில் முதல் கட்டம் மட்டும்தான் ஜெராக்ஸ் ஆகியிருந்தது! நீயும் அதே மாதிரித் தாளை வைத்துக்கொண்டு தீபாவளிக்கு முன்பே ஆரம்பித்துவிட்டாய் என்று உன் வீட்டம்மா சொன்னாள். இப்போது சித்திரை பிறக்கப் போகிறது. ரொம்ப நாள் இப்படியே இருந்தால் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. ஐ.பி.எஸ். தானாக எடையைக் குறைக்காது. சாப்பிடாமல் விட்டதால் குறையலாம், இல்லையென்றால் வேறு ஏதோ இருக்கலாம். நீ 68-லிருந்து 60-க்கு வந்திருக்கிறாய். ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலே டாக்டர்கள் காரணம் தேடுவார்கள், உனக்குக் கிட்டத்தட்ட 12. தைராய்டு, சுகர், குடல் காசநோய், கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கிற சீலியாக் நோய் எல்லாம் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மீதிக் கடிதத்தை அப்புறம் படி, முதலில் ஜிப்மருக்குப் போய்க் குடல் டாக்டரைப் பார். சீலியாக் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நீ எதையும் சோதிக்காமலே சப்பாத்தியை விட்டவன். அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

சரி, சாப்பாடு. எடை இறங்கிப் பயந்துபோய் நான் ஒரு டயட்டீஷியனிடம் போனேன். எதையெல்லாம் நிறுத்தினேன் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "பதிலுக்கு என்ன சேர்த்தீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ராத்திரி இரண்டு சப்பாத்தி, இரண்டு வேளை பால் காபி, ஒரு கிண்ணம் சாம்பார், சாயங்காலச் சுண்டல், எல்லாம் சேர்ந்து தினம் 600 கலோரி போல என் தட்டிலிருந்து காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் நான் வைத்தது கஞ்சி. நீயும் அதைத்தான் குடிக்கிறாய். கஞ்சியில் பாதிக்கு மேல் தண்ணீர், வயிறு மட்டும்தான் நிறையும்.

இறுக்கமான பத்தியத்தில் எடை ஏற்ற வழி கொழுப்புதான். மாவுச்சத்து ஒரு கிராமில் 4 கலோரி, கொழுப்பில் 9. எண்ணெய்க்கும் உன் தாளுக்கும் பகை கிடையாது. நெய்யில் பாலின் சர்க்கரை அநேகமாக இருக்காது. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயிலோ நெய்யிலோ 120 கலோரி வரும். சூடான சோற்றில் மூன்று வேளையும் விட்டுப் பிசைந்து சாப்பிடு. ஒரேயடியாக ஊற்றாதே, எண்ணெய் அதிகமானாலும் சிலருக்கு வயிறு கலங்கும். கொலஸ்ட்ரால் இருந்தால் நெய்யைக் குறைத்து எண்ணெயாகவே வைத்துக்கொள்.

அப்புறம் ரசம். பூண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பரிமாறும்போது பூண்டை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறாயாம். பிரயோஜனம் இல்லை. பூண்டிலும் வெங்காயத்திலும் தொல்லை கொடுக்கிற பொருள் தண்ணீரில் கரையும். பூண்டை எடுத்தாலும் அது ரசத்திலேயே இருக்கும். சாம்பாரில் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாக வைப்பதும் அப்படித்தான். ஆனால் அது எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டை முழுசாகப் போட்டு, பொன்னிறமானதும் எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்துப் பார். வாசனை அப்படியே வரும். அவ்வப்போதைக்குச் செய்துகொள், பூண்டு எண்ணெயை பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் நாள்கணக்கில் வைப்பது ஆபத்து, விஷக் கிருமி வளரும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பாகம் மட்டும், கூடவே பெருங்காயம். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு. சீலியாக் என்று தெரிந்தால் மட்டும் டப்பாவைப் படித்து வாங்கு.

மீன், முட்டை, கறி மூன்றிலும் ஃபாட்மேப் கிடையாது. நீயோ புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு பெரிய மார்க்கெட் பக்கமே போவதில்லை. மத்தி வாங்கு, விலையும் குறைவு, கொழுப்பும் உண்டு. வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராமில் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கிறது. சாயங்காலம் அதுவும் ரொம்பக் கனியாத வாழைப்பழமும் போதும். மூன்று வேளையில் முடியவில்லை என்றால் ஐந்து வேளையாகப் பிரித்துக்கொள். நான் பத்து மணிக்கு இரண்டு அவித்த முட்டை என்று வைத்துக்கொண்டேன். ஆபீஸில் வாசனை என்று முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும்.

இதற்கு நடுவில் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க ஆரம்பி. ஒரு சமயத்தில் ஒரே பொருள். முதல்நாள் கொஞ்சம், மறுநாள் அதைவிட அதிகம், மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்தது. எனக்குத் துவரம்பருப்பு அரைக் கிண்ணம் வரை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு சப்பாத்தி பரவாயில்லை, மூன்றாவது போனால் ஊதும். வீட்டில் உறைய வைத்த தயிர் சேர்ந்தது, பால் சேரவில்லை. வெங்காயமும் பூண்டும் கடைசி வரை இல்லை. முந்திரி பத்து வரை தாராளம், மானம் பிழைத்தது. நாற்பது பொருளில் எனக்கு நிஜமாகவே ஆகாதது நாலைந்துதான். உனக்கு வேறு நாலைந்தாக இருக்கும், என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

தினம் எடை பார்க்காதே. வாயு, மலச்சிக்கல், தண்ணீர் எல்லாம் முள்ளை ஆட்டும். வாரத்துக்கு ஒரு நாள், காலையில் கழிவறைக்குப் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில். நான் 44-லிருந்து 51-க்கு வர ஒன்றே கால் வருடம் ஆனது. நடுவில் இரண்டு மாதம் முள் நகரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. காலையிலேயே முதுநகர் துறைமுகத்துக்குப் போய் சங்கரா வாங்கி வைக்கிறேன், வெங்காயம் போடாத குழம்புதான். பஸ்ஸுக்குப் பயந்து பட்டினியோடு கிளம்பாதே, நெய் விட்டு நாலு வாய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு ஏறு. அந்தத் தாளையும் எடுத்து வா, பேனாவோடு உட்கார்ந்து எதிலிருந்து ஆரம்பிப்பது என்று பார்ப்போம். எனக்குக் கேட்டால் பருப்பு.

உன் அக்கா