தலைக்காயம்: 48 மணி நேரத்துக்குப் பிறகு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தலையில் அடிபட்டவர்களுக்கு அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை என்ற செய்தி வரும்போதெல்லாம், தீவிர சிகிச்சைப் பிரிவைப் பெரிதாக்கச் சொல்லிக் கோரிக்கை எழுகிறது. வேண்டியதுதான். ஆனால் நியூரோ (மூளை, நரம்பு சிகிச்சை) வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்த எனக்குத் தெரிந்தவரை, படுக்கைகள் காலியாகாததற்குப் பெரிய காரணம், உயிர் பிழைத்தவர்களை அனுப்பி வைக்க வேறு இடம் இல்லாததே.

தொப்பூர் கணவாய், கோவை சாலை, உளுந்தூர்பேட்டை சாலை, ஏற்காடு மலைப்பாதை என எங்கே விபத்து நடந்தாலும் பலரும் சேலத்துக்கே கொண்டுவரப்படுகிறார்கள். 108 ஆம்புலன்சும், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டமும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. அந்த 48 மணி நேரம் முடிந்த பிறகு என்ன என்பதே என் கேள்வி.

தலைக்காயத்தின் கடுமையை 3 முதல் 15 வரை மதிப்பெண் இட்டுக் கணிப்பார்கள்; மதிப்பெண் குறையக் குறையக் காயம் கடுமையானது. 8 அல்லது அதற்கும் கீழே என்றால் பெரும்பாலும் மூச்சு விடத் தொண்டையில் குழாயும் வெண்டிலேட்டரும் தேவைப்படும். ரத்தக்கட்டியை அகற்றி, வெண்டிலேட்டரிலிருந்து விடுவித்த பிறகும் பலருக்கு நினைவு முழுதாகத் திரும்பியிருக்காது. தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வாரக்கணக்கில் நீளும் இந்த வேலைக்கு மூளை அறுவை நிபுணர் பக்கத்திலேயே இருக்கத் தேவையில்லை. பழகிய செவிலியர் போதும். ஆனாலும் அதே வார்டில்தான் இவர்கள் கிடக்கிறார்கள். ஒரு மணி நேரத் தாமதமும் ஆபத்தாகிவிடக்கூடிய அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார்.

அவசரமாக டிஸ்சார்ஜ் செய்தால் படுக்கைப்புண்ணோடும் நிமோனியாவோடும் திரும்பி வருகிறார்கள். குடும்பத்தாரைக் குறை சொல்ல முடியாது. வெள்ளிப்பட்டறைக் கூலியை நம்பியிருக்கும் வீட்டில் சளி உறிஞ்சும் கருவிக்கு எங்கே போவார்கள்? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பெரிய உதவிதான். குழாயோடு இருப்பவருக்கு அது போதாது. மூளை நன்றாகத் தேறக்கூடிய முதல் சில மாதங்கள் இப்படியே வீணாகின்றன.

ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி அரசு மருத்துவமனைகளில் பத்துப் படுக்கைகள் கொண்ட பின்பராமரிப்பு வார்டுகளைச் சுகாதாரத் துறை தொடங்க வேண்டும். ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, பயிற்சி பெற்ற செவிலியர்கள், பிசியோதெரபிஸ்ட், வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் போதும். ஏற்காட்டு மலைக் கிராமத்தவர் பயிற்சிக்காக ஒவ்வொரு முறையும் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்காதபடி, அங்குள்ள அரசு மருத்துவமனையிலும் இதற்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும்.

ஹெல்மெட் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னால் அமர்பவருக்கும் சட்டப்படி அது கட்டாயம். பின் இருக்கையிலிருந்து விழுந்து வந்த பெண்களை நான் நிறையவே பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அம்மாப்பேட்டை, சேலம்.