தம்பிக்கு ஒரு கடிதம்: பேய்ப் படத்தைக் காதால் பார்ப்பது

அன்புத் தம்பிக்கு,

பேய்ப் படத்தில் பயமான இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன், அப்புறம் ஒன்றும் செய்யாது என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. சமீபத்தில் வரிசையாகச் சில பழைய திகில் படங்கள் பார்த்தேன். கண்ணை மூடினால் இவற்றில் பயம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் எல்லாமே காது வழியாக வேலை செய்பவை.

'தி ஹாண்டிங்' (1963) படத்தை எடு. ராபர்ட் வைஸ் இயக்கியது. 'சிட்டிசன் கேன்' படத்துக்கு எடிட்டராக இருந்தவர், இதற்கு இரண்டு வருடம் கழித்து 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவர். படம் முழுக்க ஒரு பேயைக்கூட அவர் காட்டவில்லை. இரண்டு பெண்கள் ராத்திரியில் ஓர் அறைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே எதுவோ சுவரை இடித்துக்கொண்டே நெருங்கி வருகிறது. இவர்களுடைய அறைக் கதவுக்கு அது வந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. அது போய்விட்டதா, கதவுக்கு அந்தப் பக்கமே நிற்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து நாமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். அந்த அமைதியில்தான் எனக்கு உடம்பு சில்லிட்டது.

ஆனால் உன்னிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) பற்றி. ஹெர்க் ஹார்வி அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனத்துக்காகக் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். கலிஃபோர்னியாவிலிருந்து காரில் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக் கரையில் சால்ட்டேர் என்ற பாழடைந்த கேளிக்கை மண்டபத்தைப் பார்த்தார். அந்த இடம் அவரை விடவில்லை, படமாகிவிட்டது. அவர் இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம் இதுதான். வெளுத்த முகத்தோடு நாயகியைத் துரத்தி வருபவரும் அவரேதான்.

நாயகி மேரி தேவாலயத்தில் ஆர்கன் என்ற பெரிய காற்று வாத்தியத்தை வாசிப்பவள். அவள் இருந்த கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. வெகுநேரம் கழித்து அவள் மட்டும் சேறு அப்பிய உடையோடு கரையேறுகிறாள். அதன் பிறகு ஒருநாள் துணிக்கடையில் உடை மாற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், உலகத்தின் சத்தமே அணைந்துபோயிருக்கிறது. கடைக்காரப் பெண்ணிடம் பேசுகிறாள், பதில் இல்லை. யாருக்கும் இவள் இருப்பது தெரியவில்லை. பூங்காவுக்கு வருகிறாள். ஒரு பறவை கத்துகிறது, உடனே எல்லாச் சத்தமும் திரும்பி வந்துவிடுகிறது. பட்டப்பகலில், தந்திரக் காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லாமல், ஒலியை எடுத்துவிட்டுத் திரும்பக் கொடுப்பதை மட்டும் வைத்து ஒரு மனுஷியை உலகத்திலிருந்தே தள்ளி வைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு சிக்கனமான பேய்க் காட்சி வேறு இல்லை.

படத்தின் இசை முழுக்க ஜீன் மூர் அமைத்த ஆர்கன் இசை. அதுவும் சும்மா பின்னணிக்கு வைத்தது கிடையாது. தேவாலயத்தில் தனியாக வாசித்துப் பழகும்போது மேரியின் விரல்கள் மெல்ல மெல்லப் பக்திப் பாட்டை விட்டு விலகி, வேறொரு விகாரமான இசைக்குள் போய்விடுகின்றன. பாதிரியார் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தி, வேலையை விட்டே போகச் சொல்கிறார். அவளைப் பிடித்திருப்பது எதுவென்று நமக்கு முதலில் சொல்வது அந்த வாசிப்புதான்.

'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' (1974) பற்றி உனக்கு யாராவது ரத்தக்களறி என்று சொல்லியிருப்பார்கள். பார்த்தால் ரத்தம் எவ்வளவு குறைவு என்று ஆச்சரியப்படுவாய். டோபி ஹூப்பரும் வேய்ன் பெல்லும் சேர்ந்து செய்த இசையில் மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை, உலோகம் உரசுகிற மாதிரிதான் இருக்கிறது. பெட்ரோல் தேடிப் போகும் ஜோடியை ஒரு கொலைகாரக் குடும்பத்தின் வீட்டுப் பக்கம் இழுப்பதே ஒரு ஜெனரேட்டர் ஓடும் சத்தம். வெயில் கொளுத்துகிறது, அது பாட்டுக்கு ஓடுகிறது. உள்ளே போன பையன் மேல் திடீரென்று சுத்தியல் அடி விழுகிறது. அப்புறம் இழுத்துச் சாத்தப்படும் அந்த இரும்புக் கதவு! நம் பேய்ப் படங்கள் பலவற்றில் வயலின்கள் முன்கூட்டியே வந்து 'பயப்படத் தயாராகு' என்று சொல்லிவிடுகின்றன. இங்கே அந்த எச்சரிக்கை இல்லை. கதவு சாத்திய பிறகுதான் நமக்கே மூச்சு வருகிறது.

உனக்குப் பிடித்த 'சஸ்பீரியா' (1977) எனக்கு ஒட்டவில்லை. நிறங்கள் அபாரம், மறுக்க மாட்டேன். காப்ளின் குழுவின் இசையைத் தனியாகக் கேட்கவும் பிடிக்கும். ஆனால் படத்துக்குள் அது ஓயாமல் மேலே விழுந்துகொண்டே இருப்பதால் நான் எதையும் உற்றுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். ஊருக்கு வரும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக 'எரேசர்ஹெட்' (1977). டேவிட் லிஞ்ச் வருடக்கணக்கில் எடுத்த முதல் முழுநீளப் படம். நள்ளிரவுக் காட்சிகளில் ஓடி ஓடித்தான் ரசிகர்களைச் சேர்த்தது. அவரும் ஆலன் ஸ்ப்லெட்டும் செய்த ஒலியில் நீராவியும் இயந்திர இரைச்சலும் ஒரு நொடிகூட ஓய்வதில்லை. போதாததற்கு, நோயில் கிடந்து விடாமல் அழும் அந்தக் குழந்தை. அது நிஜக் குழந்தை இல்லை, படத்துக்காகச் செய்த உருவம்; அதை எப்படிச் செய்தார் என்று லிஞ்ச் கடைசிவரை சொல்லவே இல்லை. கதை புரியவில்லை என்று பாதியில் நிறுத்திவிடாதே. தகப்பனாக ஆனதும் ஒருவனைப் பிடித்துக்கொள்ளும் பீதியை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படத்தை நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' முதலில் பார், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. போன் ஸ்பீக்கரில் மட்டும் பார்க்காதே, நல்ல ஹெட்ஃபோனாகப் போட்டுக்கொள். துணிக்கடைக் காட்சியில் எந்தெந்தச் சத்தம் அணைந்தது, எது மட்டும் மிச்சம் இருந்தது என்று கவனித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்