ஊருணிக்குப் போகும் வடிகால் பற்றி

ஆச்சிமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். நேற்று பெய்த ஆவணி மழைக்கே ஊருணிப் படித்துறையில் நுரை மிதக்கிறது, கிட்டே போனால் சோப்பு வாடை. வடிகாலோடு நடந்து பார்த்தேன். ஒரு வீட்டுக் குளியலறைக் குழாயை நேராக அதில் சொருகி வைத்திருக்கிறார்கள். இரண்டு வீடு தள்ளி, இடித்த சுண்ணாம்புக் காரையும் செங்கல் தூளும் வாயைப் பாதி அடைத்துக் கிடக்கின்றன.

பாதாளச் சாக்கடையில் விட்டால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகாலில் விட்டது அப்படியே ஊருணியில் இறங்கும். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழும் மழையைக்கூட அண்டாவில் பிடித்து வைத்த ஊர் இது, இங்கேயா இப்படி?

சட்டம் புதிதில்லை. 1974-ல் நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. வடிகாலிலும் நீர்நிலையிலும் குப்பை போடக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியாயிற்று. துப்புரவு ஆய்வாளர் நேரில் பார்த்தால் நோட்டீஸ் கொடுக்கலாம், அபராதம் போடலாம். ஆனால் மழை கொட்டும்போது எந்தக் குழாயிலிருந்து எது வந்தது என்று யாராலும் காட்ட முடியாது, அதனால் ஐப்பசி அடைமழைக்கு முன்னால், வெயில் நாளிலேயே ஆய்வு நடக்க வேண்டும். காய்ந்த நாளில் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை, அவ்வளவுதான்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பிள்ளையார் கோயில் முன் கூடி வடிகாலோடு நடப்போம், திங்களன்று காரைக்குடி மாநகராட்சி அலுவலகத்தில் மனு. படங்களைக் குழுவில் போட வேண்டாம், அக்கம்பக்கம் மனம் கசந்துவிடும். அதற்குள் குழாயை மாற்ற நினைப்பவர்கள் மாற்றிவிடுங்கள். கொத்தனார் வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுங்கள்.